22 நொடி வீடியோ எப்படிப் பரவியது?

2013 ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலஸில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. சோனியின் பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கன்சோல்கள் (டிவியில் இணைத்து ஆடும் கருவிகள்) இரண்டுமே அந்த ஆண்டு இறுதியில் கடைக்கு வரவிருந்தன. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு மைக்ரோசாஃப்ட் சில நாள் முன்புதான் விதிகளை அறிவித்திருந்தது: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் இணையத்தில் இணைந்து சரிபார்ப்பு நடக்க வேண்டும், ஒரு கேமை நண்பருக்கு ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், அந்த நண்பரும் 30 நாளாவது உங்கள் எக்ஸ்பாக்ஸ் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். கேம் ஆடுகிறவர்கள் கொதித்துப்போய் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து சோனி ஒரு 22 நொடி வீடியோ போட்டது. பிளேஸ்டேஷன் 4 கேமை நண்பருக்குக் கொடுப்பது எப்படி என்று செய்முறை விளக்கம். திரையில் ‘படி 1’ என்று வருகிறது. சோனியின் ஷுஹெய் யோஷிதா கேம் டப்பாவை நீட்டுகிறார், அவரது சக ஊழியர் ஆடம் பாய்ஸ் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். அவ்வளவுதான், படி 2 கிடையாது. இதுவரை ஒரு கோடி தடவைக்கும் மேல் அது பார்க்கப்பட்டிருக்கிறது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. வீடியோ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிளேஸ்டேஷன் 4-இன் 399 டாலருக்கு எதிரே எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் 499 டாலர் என்ற விலையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

சரி, இப்படி ஒன்று பரவுவதன் கணக்கு என்ன? தொற்றுநோய்க்குப் போடும் அதே கணக்குதான். பார்த்த ஒருவர் சராசரியாக எத்தனை புதிய ஆட்களைப் பார்க்க வைக்கிறார் என்பதே முக்கியமான எண். அது 1-ஐத் தாண்டினால், ஆட்கள் தீரும்வரை பெருகிக்கொண்டே போகும். நிஜத்தில் பெரும்பாலும் தாண்டாது. முதலில் 10,000 பேர் பார்த்து, அந்த எண் 0.5 ஆக இருந்தால், அடுத்த சுற்றில் 5,000, அதற்கடுத்து 2,500 என்று தேய்ந்து மொத்தம் 20,000-இல் நின்றுவிடும். 0.8 ஆக இருந்தால் 50,000 வரை போகும். இரண்டுமே அணைந்துபோகிற தீதான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள்.

விளம்பரக்காரர்கள் சொல்ல விரும்பாத விஷயம் இதில்தான் இருக்கிறது. சமூகவியலாளர் டங்கன் வாட்ஸ் குழுவினர் ட்விட்டரில் சுமார் நூறு கோடிப் பகிர்வுத் தொடர்களை ஆராய்ந்தார்கள். பெருவாரியானவை ஓரிரு அடியிலேயே நின்றுவிட்டன. பிரபலமானவற்றில்கூட ஒரே பெரிய இடத்திலிருந்து ஒரே வீச்சில் பலரைச் சேர்ந்தவை ஏராளம். உலகமே பார்த்துக்கொண்டிருந்த இ3 வாரத்தில் சோனி வீடியோ போட்டதும் பரவலைத் தொடங்கிவைக்கும் அந்த மாதிரிப் பெரிய விதைதான். ‘தானாகப் பரவியது’ என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம்.

மீதிப் பாதி, அந்த 0.5-ஐ 0.8 ஆக்கும் வேலை. அதற்கு ஆர்வத்தைத் தூண்ட வேண்டும். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே உள்ள சிறு இடைவெளிதான் ஆர்வத்தைக் கிளப்புகிறது என்று உளவியலாளர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன் 1994-இல் எழுதினார். எதுவுமே தெரியாவிட்டால் யாருக்கும் அக்கறை வராது. பாதி தெரிந்தால்தான் தூக்கம் கெடும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக மைக்ரோசாஃப்ட் நடத்திய ‘அவர் காலனி’ (OurColony) என்ற இணையப் புதிர் விளம்பரம் இதைத்தான் செய்தது. குழுவாகச் சேர்ந்து புதிர்களை விடுவித்தால், கன்சோலின் படம் துண்டுதுண்டாகக் கிடைக்கும். தனியாளாக முடியாது என்பதால் நண்பரை இழுத்து வருவதே ஆட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது. மே 12 அன்று எம்டிவி தொலைக்காட்சியில் முழு அறிமுகம் நடந்தபோது, அதற்காகக் காத்திருந்த ஒரு கூட்டம் ஏற்கெனவே தயார்.

அப்புறம் சறுக்கலும் உண்டு. 2006 டிசம்பரில், பண்டிகைக்குப் பிஎஸ்பி (சோனியின் கையடக்கக் கேம் கருவி) வேண்டும் என்று ஏங்கும் இரு இளைஞர்கள் நடத்துவது போல ஒரு ப்ளாக் வந்தது, ராப் வீடியோ சகிதம். அந்த இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று சிலர் தேடினால், ஒரு மார்க்கெட்டிங் நிறுவனம்! சோனி ஒப்புக்கொண்டு மூடிவிட்டது. அதற்குள் அதுவும் பரவத்தான் செய்தது, கேலியாக. பரவல் கணக்குக்கு நல்ல பெயர், கெட்ட பெயர் என்ற பேதம் கிடையாது.

மைக்ரோசாஃப்ட் ஒருமுறை கேலியையே விதையாக்கிக்கொண்டது. 2019-இல் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் உருவத்தைக் காட்டியதும் ‘இது ஃப்ரிட்ஜ்’ என்று மீம்கள் குவிந்தன. அவர்கள் ஆளுயரத்தில் நிஜமாகவே ஒரு ஃப்ரிட்ஜ் செய்தார்கள். பிறகு 2021-இல் குட்டி ஃப்ரிட்ஜ் விற்பனைக்கே வந்தது. முன்பதிவு தொடங்கிய வேகத்தில் தீர்ந்தும்போனது.