டிடர்மினேஷன்: கருச்செல்லின் கதி உறுதிப்பாடு

கருவளர்ச்சியியலில் டிடர்மினேஷன் என்றால், ஒரு செல் இனி இன்னதாகத்தான் ஆகும் என்று உறுதியாகிவிட்ட நிலை. வெளியே எந்த அடையாளமும் இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் பக்கத்துச் செல்லைப் போலவேதான் தெரியும். நரம்புச் செல்லாகப் போகிறது என்றால், அதற்குரிய நீண்ட இழையெல்லாம் அப்புறம்தான் வரும். அதற்குப் பெயர் வேறுபாடுறுதல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது? இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பீமான் நியூட் கருக்களில் அதைச் செய்து 1918இல் வெளியிட்டார். நியூட், தவளைக்குத் தூரத்து உறவான, வாலுள்ள சிற்றுயிர். மெல்லிய கண்ணாடி ஊசியும் குழந்தையின் தலைமுடியில் செய்த வளையமும்தான் அவருடைய கருவிகள். கருவின் செல்கள் உள்நோக்கி நகர்ந்து அடுக்குகளாக அமையும் காஸ்ட்ருலா பருவத்தின் தொடக்கத்தில், மூளையாக வேண்டிய துண்டை எடுத்து, இன்னொரு கருவில் தோலாகும் இடத்தில் பதித்தார். அது தோலாகிவிட்டது. அப்பருவம் முடியும் தறுவாயில் அதே பகுதியை எடுத்துப் பதித்தால், சுற்றிலும் தோலே இருந்தும் நரம்புத் திசுவாகத்தான் வளர்ந்தது. இந்த இரண்டு வேளைக்கும் நடுவே நடந்து முடிந்ததுதான் டிடர்மினேஷன்.

சொல்லின் வேர் லத்தீன். டெர்மினஸ் என்றால் எல்லை. டெட்டெர்மினாரே என்றால் எல்லை வகுத்தல். செல்லுக்குத் திறந்திருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதைச் சொல்ல நல்ல பொருத்தம்.

தமிழில் ‘தீர்மானம்’ என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் செல் யோசித்து முடிவெடுப்பதில்லை. ‘விதி’யும் சரிப்படாது, முன்பே எழுதிவைத்தது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பீமானின் முதல் துண்டுக்கோ, போய்ச் சேர்ந்த இடம்தான் முடிவு சொன்னது. ‘கதி’ என்பதில் போகும் வழியும் உண்டு, போய்ச் சேரும் நிலையும் உண்டு. அதனால் ‘கதி உறுதிப்பாடு’ என்பதே என் தேர்வு.

இதன் முன்னால் ‘மீளா’ என்று மட்டும் சேர்க்க வேண்டாம். 1962இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவைத் தவளை முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து புதிய தலைப்பிரட்டைகளை வளர்த்தார். 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகாவின் குழு நான்கே மரபணுக்களைச் செலுத்தி, எலியின் இணைப்புத்திசுச் செல்களைக் கருநிலைச் செல்களுக்கு நிகரான நிலைக்குத் திருப்பியது. கரு தன்போக்கில் வளரும்போது கதி மாறாது. மனிதர் கைவைத்தால் மாற்றலாம்.