எக்ஸ்பிரஷனிசம்: தமிழில் என்ன சொல்லலாம்?

கொழும்பு கிரீன் பாத்தில், அதாவது ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், விற்க வைத்திருக்கும் படங்களில் கண்டி நடனக்காரர் எப்படியும் இருப்பார். சிவப்பையும் மஞ்சளையும் அள்ளி அப்பி, கத்தியால் வழித்து, கை கால் பறக்கக் கீறியிருப்பார்கள். கேட்டால் “எக்ஸ்பிரஷனிசம்” என்பார்கள். பாதி சரி.

மனதில் உள்ளதை நிறத்திலும் கோட்டிலும் கொட்டும் ஓவியப் போக்கு அது. சொல்லின் வேர் இலத்தீன்: பிழிந்து வெளியே தள்ளுவது என்று பொருள். இம்பிரஷனிசம் என்ற இன்னொரு ஓவியப் போக்கின் பெயருக்கும் வேர் அதேதான், ஆனால் அங்கே அழுத்தம் உள்நோக்கிப் போகிறது, வெளியே கண்டது மனதில் பதிகிறது. அந்தப் போக்கைச் சேர்ந்த டெகா பாரிஸில் கீறிய பாலே பெண்களைப் பாருங்கள், மேடை விளக்கு கீழேயிருந்து முகத்தில் அடிப்பதால் நிழல் தலைகீழாக விழும். அந்த நிறம் வெளிச்சத்துக்குச் சொந்தம். எக்ஸ்பிரஷனிசக்காரரான ஜேர்மன் ஓவியர் எமில் நோல்டே 1910இல், பைபிளில் வரும் பொற்கன்றைச் சுற்றி ஆடும் பெண்களைக் கீறியபோது முகத்தைப் பற்றிக் கவலையே படவில்லை, கண்ணும் மூக்கும் தெளிவாக இராது, வெறியெல்லாம் சாயத்திலும் தூரிகை இழுப்பிலும்தான். 1905இல் டிறெஸ்டனில் கிர்ஷ்னர் முதலானோர் ‘பாலம்’ என்ற பெயரில் தொடங்கிய குழுவில் நோல்டேயும் கொஞ்சக் காலம் இருந்தவர்.

தமிழுக்கு வருவோம். ‘வெளிப்பாட்டுவாதம்’ என்றும் ‘வெளிப்பாட்டியம்’ என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். கலைக்கு எதற்கு வாதம், அது கை காலை இழுக்கிற வியாதி! ‘உணர்ச்சி ஓவியம்’ என்பது மட்டும் வேண்டாம். எந்த நல்ல ஓவியத்தில் உணர்ச்சி இல்லை?

‘மெய்ப்பாடு’ இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அழகான சொல்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் மெய்ப்பாடு மெய்யில், உடம்பில் தெரிய வேண்டும். ஆடுகிறவரின் கண்ணிலும் புருவத்திலும் நாம் அதைப் படிக்கிறோம். சமஸ்கிருத நூலான நாட்டிய சாஸ்திரம் ரசங்களுக்கு, அதாவது கலை எழுப்பும் உணர்ச்சிகளுக்கு, நிறமும் ஒதுக்கியிருக்கிறது, கோபத்துக்குச் சிவப்பு, சிரிப்புக்கு வெள்ளை, பயத்துக்குக் கறுப்பு. எல்லாருக்கும் பொதுவான கணக்கு அது. வெளிப்பாட்டியத்தில் அப்படிப் பொதுக் கணக்கு கிடையாது, ஆடுகிறவள் சிரித்துக்கொண்டிருக்க ஓவியர் அவள் தோளைப் பச்சையாக்கிப் பயமுறுத்தலாம்.

அதனால் கிரீன் பாத் படத்தில் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நடனக்காரரின் உடுப்பில் உள்ளதுதான் என்றால் அது வேகமாகக் கீறிய வடிவான படம், அவ்வளவுதான். உடுப்பை மீறி முதுகிலும் வானத்திலும் அந்தச் சிவப்பு ஏறி, ஏறியதற்கு ஒரு காரணமும் தெரிந்தால் தாராளமாக வெளிப்பாட்டியம் எனலாம்.

இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற்றையும் இந்தப் பெயரில் அடைக்கிறார்கள். அவருடைய நாயகிகளைத் தாங்குவது கோடு, உருவத்தைக் கோணங்களாக உடைத்துக் காட்டும் கியூபிசம் படித்த கோடு. 1943இல் இங்கே உருவான ஓவியர் குழுவான ‘43 குழு’வில் இந்தச் சொல் கூடுதலாகப் பொருந்துவது ஜஸ்டின் தெரணியகலவுக்கு. பார்ன்ஸ் பிளேசில் உள்ள சபுமல் நிலையத்தில் அந்தக் குழுவினரின் படங்கள் இருக்கின்றன, போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.