வாட்ச்ல நார்மல்னு வந்தா ஹார்ட் அட்டாக் இல்லைன்னு அர்த்தம் கிடையாது

இந்த மாசம் இது மூணாவது கேஸ். நைட் டியூட்டி முடிச்சு வந்தும் தூக்கம் வரல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

54 வயசுக்காரர். ராத்திரி 11 மணிக்கு நெஞ்சை யாரோ ஏறி உக்காந்து அழுத்துற மாதிரி இருந்திருக்கு, வேர்த்துக் கொட்டியிருக்கு, வலி தாடை வரைக்கும் ஏறியிருக்கு. கையில ஸ்மார்ட் வாட்ச். 30 செகண்ட் விரலை வச்சு இசிஜி எடுத்திருக்கார், சைனஸ் ரிதம்னு வந்திருக்கு, சரி கேஸ் டிரபிள்தான்னு சுடுதண்ணி குடிச்சுட்டுப் படுத்துட்டார். 1 மணிக்கு மறுபடி, 3 மணிக்கு மறுபடி, மொத்தம் 9 தடவை எடுத்திருக்கார், ஒம்பதும் சைனஸ் ரிதம். காலையில மூச்சு வாங்க ஆரம்பிச்சப்புறம்தான் கூட்டிட்டு வந்தாங்க. நாங்க எடுத்த இசிஜில வி2லேருந்து வி5 வரைக்கும் எஸ்டி தூக்கிட்டு நிக்குது, அதாவது ஹார்ட் அட்டாக்னு அதுலயே தெரியுது. அவர் வீட்டம்மா போனை நீட்டி, "எல்லாமே நார்மல்னுதானே டாக்டர் காட்டுது"ன்னு கேட்டாங்க.

ஸ்டென்ட் வச்சாச்சு, உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா எக்கோ ஸ்கேன்ல இதயத்தோட பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு, சாதாரணமா 55க்கு மேல இருக்கணும். 11 மணிக்கே வந்திருந்தா செத்துப்போன இதயத் தசையில பெரும்பகுதியைக் காப்பாத்தியிருக்கலாம்.

தயவுசெஞ்சு இதை மட்டும் நல்லாப் புரிஞ்சுக்கோங்க. சைனஸ் ரிதம்னா துடிப்பு கிளம்ப வேண்டிய இடத்துலேருந்து கிளம்பி சீரா வருதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கா இல்லையாங்கிற கேள்விக்கு அது பதிலே இல்ல. ஹார்ட் அட்டாக் வந்து ஐசியூல படுத்திருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு சைனஸ் ரிதம்தான் ஓடிட்டு இருக்கும்! நாங்க உடம்புல 10 இடத்துல எலக்ட்ரோடு வச்சு 12 கோணத்துல இதயத்தைப் பாக்குறோம், வாட்ச் ரெண்டு கைக்கு நடுவுல ஒரே ஒரு கோணத்துலதான் பாக்குது. வாசல்ல நின்னுக்கிட்டு கொல்லைப்பக்கம் தீப்பிடிக்கலைன்னு சொல்ற மாதிரி இது. ஏன், எங்க 12 லீட் இசிஜியே முதல் தடவை நார்மலா வர்றது உண்டு, அதனாலதான் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்குறோம், இதயத் தசை அடிபட்டிருக்கான்னு காட்டுற ட்ரோபோனினை ரத்தத்துல பாக்குறோம். இந்த ஆப் ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்காதுன்னு ஆப்லயே எழுதியிருக்கும், அதை யாரும் படிக்காம ஓகே அமுக்கிட்டுப் போயிடுறோம்.

வாட்ச் வேஸ்ட்னு நான் சொல்லல. சீரில்லாத துடிப்பு, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதைப் பிடிக்க இது உண்மையிலேயே உதவுது, அதனால பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஆளுங்க எங்க கையில சிக்குறாங்க. ஆப்பிள் வாட்சை வச்சு இதைப் பரிசோதிச்சு 2019ல வந்த ஆப்பிள் ஹார்ட் ஸ்டடிங்கிற ஆய்வுல 4 லட்சத்துக்கு மேல ஆளுங்க சேந்தாங்க, அதுல அலெர்ட் வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அலெர்ட் வந்தா பயந்து நடுங்கவும் வேணாம், அலட்சியமா விடவும் வேணாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. இனி வரப்போறது இதைவிடப் பெருசு. நாங்க வழக்கமா எடுக்குற இசிஜிலேருந்தே பம்பிங் குறைஞ்சிருக்குன்னு ஏஐ சொல்லிடுதுன்னு அமெரிக்காவுல இருக்கிற மேயோ கிளினிக் ஆஸ்பத்திரிக்காரங்க 2019லயே காட்டிட்டாங்க. எனக்கு இதுல நிஜமாவே பெரிய நம்பிக்கை இருக்கு. ஆனா எந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்னு தெரியாம வச்சுக்கிட்டா ஆபத்துதான். இன்னொண்ணு, ஊசி குத்தாமலே சுகர் பாக்கும்னு விக்கிற வாட்ச், மோதிரம் எதையும் நம்பி இன்சுலின் டோஸ் மாத்தாதீங்க, அப்படி எதுக்கும் அனுமதி கொடுக்கலைன்னு மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தர்ற அமெரிக்க எஃப்டிஏ 2024 பிப்ரவரில எச்சரிக்கையே விட்டுச்சு.

நெஞ்சு அழுத்தம், வேர்வை, கை, தாடை, முதுகுக்குப் பரவுற வலி, மூச்சுத் திணறல், இதுல எது வந்தாலும் வாட்சைப் பாக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நீங்களே வண்டி ஓட்டிட்டு வராதீங்க. சுகர் இருக்கிறவங்க, வயசானவங்க, பெண்கள், உங்களுக்கு வலியே இல்லாம வெறும் அசதி, குமட்டல், மூச்சு வாங்குறதா மட்டும்கூட வரலாம். விடியட்டும் பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. வரும்போது வாட்சையும் எடுத்துட்டு வாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்க அது எங்களுக்கு உபயோகப்படும்.

அந்த வாட்சை வாங்கிக் குடுத்தது அவரோட பொண்ணு. ஐசியூ வாசல்ல நின்னு "நான்தான் டாக்டர் வாங்கிக் குடுத்தேன்"னு அழுதுட்டே இருந்துச்சு. உன் தப்பு இல்லம்மா, வாட்ச் தப்பாவும் காட்டல, ரிதம் சரியாத்தான் இருந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம்னுதான் யாரும் உங்களுக்குச் சொல்லலைன்னு சொன்னேன். அப்பா அம்மாவுக்கு வாட்ச் வாங்கிக் குடுத்த புள்ளைங்க இன்னைக்கே ஒரு போன் போட்டு இதைச் சொல்லிடுங்க, அப்படியே அதுல அவசர அழைப்பு எப்படிப் போடுறதுன்னும் ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க.