ஆய்வுக்கு எடுக்கும் ரத்தமும் எச்.ஐ.வி. பரிசோதனையும்: விரல் நீட்டுமுன் தெரிய வேண்டியவை

தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற கணக்கெடுப்பில் எச்.ஐ.வி.க்கு ரத்தம் கேட்டால், செட்டிநாட்டு வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எங்க வீட்டுக்கு ஏன் வந்தீக? எங்க மேல என்ன சந்தேகம்?" என்பதுதான். எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தப் பகுதியின் எல்லாக் குடும்பங்களையும் பட்டியலிட்டு, சம இடைவெளி விட்டு எண்ணி எடுப்பதில் உங்கள் வீடு வந்திருக்கிறது. "பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்ளுங்களேன்" என்றால் குழுவால் அது முடியாது. மாற்று வீடு சேர்த்த உடனே, யார் விரும்பிக் கொடுத்தார்களோ அவர்களின் கணக்காக அது மாறிவிடும்.

பட்டியல் போடுவதிலேயே இந்த ஊர் வீடுகள் குழப்பும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கவனிக்காத குழு ஒரே வீட்டை இரண்டாக எழுதிவிடும். உள்ளே போனால் கதை நேர்மாறு. மகனுக்குத் திருமணமானதும் தனி அடுப்புக் கொடுத்து 'வேறு வைக்கும்' வழக்கம் உள்ள வீட்டில் ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரியும். ஆய்வில் ஒரு குடும்பம் என்பது சேர்ந்து வாழ்ந்து ஓர் அடுப்பில் உண்பவர்கள். ஆகவே அந்த வீடு மூன்று குடும்பம். கல்யாணத்துக்கோ, முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கோ வந்து முந்தைய இரவு அங்கே தங்கிய விருந்தாளியும் கணக்கில் வருவார். இதைச் சொன்னால் பல வீடுகளில் வியப்பாகப் பார்ப்பார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் மூன்றாம் சுற்று (2005-06) தொடங்கும்வரை, இந்தியாவின் எச்.ஐ.வி. மதிப்பீடு பெரும்பாலும் கர்ப்பிணிகளும் பால்வினை நோயாளிகளும் வரும் மருத்துவமனை மாதிரிகளை வைத்தே போடப்பட்டது. அந்தச் சுற்றில் முதன்முறையாக, வீடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ரத்தம் எடுத்தார்கள். 15-49 வயதினரில் தொற்று உள்ளவர்கள் 0.28 சதவீதம் என்று வந்தது, தமிழ்நாட்டில் 0.34. அதுவரை 52 லட்சம் என்று சொல்லப்பட்ட நாட்டின் தொற்றாளர் எண்ணிக்கை 2007இல் ஏறத்தாழ 25 லட்சமாகத் திருத்தப்பட்டதில் இந்த முடிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சும்மா வீட்டில் இருந்தவர்கள் விரல் நீட்டியதால்தான் அது தெரிந்தது.

ரத்தம் எடுக்கும் முறை எளிது, கெட்டுப்போவதும் எளிது. நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், நடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்துவார்கள். குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்றுதான். உங்கள் கண்முன் உறை பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டுகளை வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்களில் விழ வைப்பார்கள். விரலைப் பிசைந்து பிழியக் கூடாது, திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். காய்ந்த சொட்டின் மேல் இன்னொரு சொட்டு வைத்தாலும், வட்டத்தைக் கையால் தொட்டாலும் அந்த மாதிரி வீண்.

அட்டை இரவு முழுதும் தனியாக, வெயில் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் உலர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதுதான் பெரும்பாடு. சூடு காட்டி அவசரப்படுத்தினால் சோதிக்க வேண்டிய புரதமே கெடும்; ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும், ஈரம் ஏறினால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் காட்டி அட்டையும் சேர்த்து மூடித்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

அட்டையில் உங்கள் பெயர் இருக்காது, பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டுத்தாள் மட்டும்தான். ஆய்வக முடிவைக் கேள்வித்தாள் விவரங்களோடு சேர்ப்பதற்கு முன்பே, வீட்டை அடையாளம் காட்டும் விவரங்களை அழித்துவிடுவார்கள். அதனால்தான் முடிவு உங்களுக்குத் திரும்பி வராது. இங்கேதான் சண்டையே வருகிறது. அதே ஆய்வில் பார்க்கும் ரத்தசோகை அளவை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள், எச்.ஐ.வி. முடிவை மட்டும் ஏன் மறைக்கிறார்கள் என்று கேட்பார்கள். மறைக்கவில்லை, யாருடையது என்று கண்டுபிடிக்கும் வழியை அவர்களே அடைத்துவிட்டார்கள். "ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்வது ஆபத்தான தவறு.

முடிவைச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயிரம் பேரைச் சோதித்தால் தமிழ்நாட்டின் 0.34 சதவீதப்படி உண்மையான தொற்று மூன்று, நான்கு பேருக்கு இருக்கும். 99.5 சதவீதம் சரியாக 'இல்லை' சொல்லும் சோதனையே ஐந்து பேரைத் தவறாக 'இருக்கிறது' என்றுவிடும். ஒரே சோதனையை நம்பி ஒருவரிடம் முடிவு சொல்வது கொடுமை. அதனால் ஆய்வகத்தில் எலைசா என்ற ரத்தச் சோதனையில் முதலில் 'இருக்கிறது' என்று வந்ததை இரண்டாவது எலைசாவிலும், இரண்டும் முரண்பட்டால் வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிச் சோதனையிலும் பார்ப்பார்கள்.

சம்மதம் கேட்கும் இடம் முக்கியம். வளவில் (நடுமுற்றத்தில்) நின்று கேட்டால் சுற்றியிருக்கும் அத்தனை அறைக்கும் கேட்கும். மாமியார் முன்னால் மருமகள் 'சரி' என்பதும் 'வேண்டாம்' என்பதும் அவளுடைய சொல்லாக இருக்காது. தனி அறையோ, ஆள் இல்லாத இரண்டாம் கட்டோ கேட்டு வாங்குங்கள். ரத்தசோகைக்குத் தந்த சம்மதம் எச்.ஐ.வி.க்குச் செல்லாது, தனியாகக் கேட்க வேண்டும். திருமணமாகாத 15-17 வயதினருக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அப்பச்சி (அப்பா) சரி என்று சொல்லியும் பிள்ளை மறுத்தால், எடுக்கக் கூடாது. மறுப்பதால் ரேஷனோ உதவித்தொகையோ நிற்காது. அப்படி மிரட்டி யாராவது எடுத்தால் அது முறைகேடு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பெயர் தெரியாத கண்காணிப்பு ஆய்வானாலும் நோக்கத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது.

எங்களைக் கேட்டால், மறுப்பவர்களைவிட ஆய்வைக் கெடுப்பது ஆள் இல்லாமை. பூட்டிய பெரிய வீடுகள், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருக்கும் ஆண்கள். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களின் தொற்று வாய்ப்பு வீட்டோடு இருப்பவர்களின் வாய்ப்பைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் விடுபட்டால் கணக்கு ஒரு பக்கம் சாயும். அண்ணன் மதியம் கடையில் இருப்பார், இரவு ஏழுக்கு மேல் வருவார் என்று குழுவிடம் சொல்லி வைத்தால் அது பெரிய உதவி.

உங்கள் நிலை உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும். கட்டணம் இல்லை. முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. முதல் சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால் வேறு வகைச் சோதனைகளில் உறுதி செய்த பிறகே முடிவு சொல்வார்கள். காரைக்குடியில் தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று தயங்கினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகலாம். எந்த ஊர் மையத்திலும் பார்ப்பார்கள். தொற்றியிருக்குமோ என்று பயப்படும் சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், 'இல்லை' என்று வந்தாலும் மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். 'இருக்கிறது' என்று உறுதியானால் நோய் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2017 முதல் யாராக இருந்தாலும் உடனே எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து இலவசமாகத் தொடங்குகிறார்கள். போவதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் பேசலாம், கட்டணமில்லை.