“ஒன்றா, இரண்டா?” என்று கேட்பவர் கவனிக்க வேண்டியது

கண் பரிசோதனை அறையில் நாங்கள் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, “ஒன்று தெளிவா, இரண்டு தெளிவா?” என்பது. லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கேட்கும் இந்தக் கேள்விக்குத் தவறான விடையே கிடையாது. இரண்டும் ஒன்றுபோல் தெரிவதாகச் சொன்னால் சரியான அளவை நெருங்கிவிட்டோம் என்றுகூட நாங்கள் மகிழ்வோம். நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இது தெரியாது. பள்ளியில் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டதுபோல அவர் பதறுகிறார்.

பல ஆண்டுகளுக்கு முன், குடியிருப்புப் பேட்டை ஒன்றின் மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்தபோது, காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சனிக்கிழமை மாலை வந்தார். வெளியே ஆறேழு பேர் காத்திருந்தார்கள். பெரியவர் எதைக் கேட்டாலும் “ரெண்டு” என்றார். நாற்காலியின் கைப்பிடியை அவர் இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அதைப் பொருட்படுத்தாமல் அளவை எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வந்து, தரை சாய்ந்து தெரிகிறது, படியிறங்கவே பயமாக இருக்கிறது என்றார். கண்ணின் சீரற்ற வளைவை ஈடுசெய்யும் சிலிண்டர் அளவின் கோணத்தைப் பிழையாகக் கணித்திருந்தேன். அதைவிட, “நான்தான் சரியாச் சொல்லல போலம்மா” என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இன்றும் உறுத்துகிறது. பயந்திருப்பவர் தரும் விடையை வைத்து எடுத்த அளவு, அளவே ஆகாது என்பதை நான் படிப்பில் கற்கவில்லை, அவரிடம் கற்றேன்.

உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் முன்வைத்தார்கள். உணர்வை இனங்காண்பது, சிந்தனைக்குத் துணையாக்குவது, புரிந்துகொள்வது, கையாள்வது என அதைப் பின்னர் நான்காகப் பிரித்தார்கள். எங்கள் துறையில் பலர் இதை இனிக்க இனிக்கப் பேசும் கலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு விற்பனைக்கு உதவலாம். நான் சொல்வது, எதிரில் இருப்பவரின் பதற்றத்தையும் கண் அழுத்தத்தைப் போலவே ஒரு தகவலாகக் கருதிக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை.

நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப்புலப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கிண்ணம் போன்ற கருவிக்குள் முகம் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணுக்கு எட்டும் எல்லையைக் கண்டறிவதற்காகவே கருவி மங்கலான புள்ளிகளைக் காட்டுவதால், நலமான கண்ணுக்கும் பல புள்ளிகள் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தனக்குப் பார்வை போய்விட்டதென்று நோயாளி பாதியிலேயே கலங்கி, தெரியாத புள்ளிக்கெல்லாம் அழுத்தத் தொடங்குவார். அறிக்கை பயனற்றுப் போகும். அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய செய்தி இது.

இளம் வயதினரில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் சிங்கப்பூரில், குற்ற உணர்வோடு வரும் தாய்மார்களைத் தினமும் சந்திக்கிறோம். “நான் கைப்பேசி கொடுத்ததாலயா?” என்று கேட்பவரிடம், கிட்டப்பார்வை கூடும் வேகத்தைக் குறைக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தைப் பற்றி உடனே விளக்கத் தொடங்கினால் எதுவும் மனத்தில் பதியாது. முதலில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். மரபும் ஒரு காரணம் என்பதையும், வெயில் வெளிச்சத்தில் குழந்தை விளையாடும் நேரத்தை இன்றிலிருந்தே கூட்டலாம் என்பதையும் சொன்ன பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

கேட்டால் மட்டுமே வெளிவரும் துயரங்களும் உண்டு. விழித்திரையின் மையப் பகுதி சிதைந்து பார்வை மங்கிய, எண்பதைக் கடந்த பாட்டி ஒருவர் பார்வைக்குறைவுப் பரிசோதனைக்கு வந்திருந்தார். எல்லாம் முடிந்தபின், “பார்வை மங்கும்போது சிலருக்கு இல்லாத உருவங்கள், பூக்கோலங்கள், சின்ன ஆட்கள் தெரிவதுண்டு பாட்டி, உங்களுக்கு அப்படி ஏதாவது…” என்று கேட்டேன். மருமகள் வெளியே இருக்கிறாரா என்று கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பச்சைப் பாவாடை கட்டின புள்ளைங்க. சோபா பக்கத்துல நிக்கும். பேசாது.” மாதக்கணக்கில் விளக்கை அணைக்காமல், தலையணைக்கடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்துத் தூங்கியிருக்கிறார். வீட்டில் சொன்னால் மனநலக் கழகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து எவரிடமும் மூச்சு விடவில்லை.

சார்ல்ஸ் பானே என்னும் சுவிஸ் அறிஞர், பார்வை குன்றிய தம் தாத்தா மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டதை 1760இல் எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே இந்நிலை வழங்குகிறது. கண்ணிலிருந்து போதிய செய்தி வராதபோது மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. உருவங்கள் பேசினாலோ, அவை உண்மையென்றே நோயாளி நம்பினாலோ மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். பாட்டிக்கு இரண்டும் இல்லை. உருவம் தெரியும்போது கண்களை இடமும் வலமுமாக நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம், “அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையே?” என்பதுதான். மருமகளை அழைத்து அவர் எதிரிலேயே மறுபடியும் விளக்கினேன்.

மொழிபெயர்க்க வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண் அழுத்த நோயால் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கவே சொட்டு மருந்து என்று மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்க, பக்கத்திலிருந்த மகன் அம்மாவிடம், “மருந்து போட்டா சரியாயிடும்மா” என்றார். அன்புதான். பார்வை சரியாகவில்லையே என்று இரண்டே மாதத்தில் அந்த அம்மா மருந்தை நிறுத்திவிட்டார். எனக்குத் தமிழ் தெரிந்ததால் இது காதில் விழுந்தது; ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழி பேசும் ஆயாவுக்குப் பேத்தி என்ன சொல்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இப்போதெல்லாம், எந்த மொழிக்காரராக இருந்தாலும், மருந்தை எதற்காக, எதுவரை போடப் போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.

நம் உணர்வைக் கவனிப்பது இதைவிடக் கடினம். டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவரின் இரு கண்களிலும் பார்வைப்புலம் வெகுவாகச் சுருங்கியிருந்தது, மருத்துவர் பார்க்கும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்றதும், “உங்க மெஷின் சரியில்ல மிஸ்!” என்று கத்தினார். என் தோள்கள் விறைத்து, எதிர்த்துப் பேசச் சொற்கள் தொண்டைவரை வந்துவிட்டன. அந்த விறைப்புதான் எனக்கு எச்சரிக்கை மணி. பேனாவை வைத்துவிட்டு, அறை விளக்கைப் போட்டு, முக்காலியை அவர் கண்மட்டத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, “வருமானத்தைப் பத்தி யோசிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பதில் வரவில்லை. பிறகு, வெளியே உட்கார்ந்திருக்கும் தம் மகளிடம் இதை என்னையே சொல்லும்படி கேட்டார்; கதவைத் திறந்து அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தேன்.