பனியைத் திட்டாதீர்கள், போனை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றுங்கள்

"போனுக்குள்ள பனி எறங்கிருச்சுண்ணே." கொடைக்கானலில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு சீசன் நேரத்தில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நேற்று வந்தவர் மதுரைத் தம்பி. கேமராவைத் திறந்தால் படம் காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்குகிறது. போனை நீட்டும்போதே சார்ஜ் போர்ட்டிலிருந்து இரண்டு அரிசிக் குருணை என் மேஜையில் உதிர்ந்தது. லாட்ஜ் சமையற்கட்டில் அரிசி கேட்டு வாங்கி, ராத்திரி முழுக்கப் புதைத்து வைத்திருக்கிறார்.

"வண்டியில போன எங்க மாட்டியிருந்தீங்க தம்பி?"

"ஹேண்டில்பார்லண்ணே, மேப் பாக்க."

"வத்தலக்குண்டுலருந்தா?"

"இல்லண்ணே, மதுரைலருந்தே."

போனைத் திறக்காமலே பதில் கிடைத்துவிட்டது. உடைந்தது ஓஐஎஸ். கை நடுங்கினாலும் படம் அசையாமல் இருக்க, லென்ஸை மெல்லிய ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டு, காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து நகர்த்தும் அமைப்பு அது. பெரிய பைக்கின் இன்ஜின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நேராக அங்கேதான் போகிறது. மலை ஏற ஏற கியரைக் குறைத்து முறுக்குவீர்கள், அதிர்வும் கூடும். இது என் சொந்த ஆராய்ச்சி இல்லை. ஐபோனை அதிக சக்தி கொண்ட பைக்குகளில் மாட்டாதீர்கள் என்று ஆப்பிளே 2021 செப்டம்பரில் எழுதி வெளியிட்டது. ஸ்கூட்டர் என்றால் அதிர்வு தாங்கும் மவுன்ட் போடுங்கள், அதிலும் நெடுநேரம் வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. ஓஐஎஸ் உள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளும் இதே ஸ்பிரிங்தான், இதே கதைதான்.

இப்போது அரிசி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை இழுக்காது. திறந்த காற்றில் வைத்தால் காய்கிற அளவுதான் அரிசியிலும் காயும். அதுவும் நம் ஊரில்! மழைக்காலத்தில் டப்பாவில் இருக்கும் உப்பே நசநசத்துக் கட்டியாகிப்போகிறது, மூட்டையில் இருக்கிற அரிசி மட்டும் எலும்பு போலக் காய்ந்தா கிடக்கும்? அரிசியில் இருப்பது தவிடும் மாவும். அது போர்ட்டுக்குள்ளும் ஸ்பீக்கர் வலைக்குள்ளும் போய் அப்பிக்கொள்கிறது. ஈரம் பட்டால் கஞ்சி. அதை ஊசியும் பிரஷும் வைத்துச் சுரண்டுவது என் வேலை. அரிசியில் போடாதீர்கள் என்றும் ஆப்பிள் எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால், "எங்க மாமா போன் அரிசியிலதான் சரியாச்சு" என்கிறார்கள். மாமா போன் ஒரு நாள் அணைந்து கிடந்ததால் சரியானது. அரிசிக்கு ஏன் பாராட்டு?

நிஜமாகவே ஈரமா, அதிர்வா என்று நீங்களே பார்க்கலாம். கேமராவில் 1 என்ற பொத்தானில் படம் ஆடுகிறது, 0.5-க்கு மாற்றினால் நிற்கிறது, செல்ஃபியும் ஒழுங்காக இருக்கிறது என்றால் பெரும்பாலும் மெயின் கேமராவின் ஓஐஎஸ். காதருகே வைத்தால் 'கிர்ர்' என்று சத்தம்கூட வரும். முதுகில் தட்டினால் கொஞ்ச நேரம் சரியாகும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாலும் ஆட்டம் நிற்கும். வீடியோவில் பார்த்துவிட்டுக் காந்தத்தோடு கடைக்கு வருகிறவர்களும் உண்டு. அது வைத்தியம் இல்லை, வேண்டாம். கேமரா மாட்யூலையே, அதாவது அந்தக் கேமரா பாகத்தையே, மாற்றத்தான் வேண்டும்.

ஈரம் என்றால் படம் ஆடாது, மங்கும். கோக்கர்ஸ் வாக்கில் மேகம் வந்து மோதும்போது வெளிக்கண்ணாடியில் படிவதைத் துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகவில்லையென்றால் கண்ணாடிக்கு உள்ளே படிந்திருக்கிறது. போனை அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், சிம் தட்டை வெளியே எடுத்துவிட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். கேம்ப் ஃபயர் பக்கத்தில் நீட்டிக் காய வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது, ரூம் ஹீட்டர் மேல் வைப்பது எல்லாம் பசையை இளக்கி ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். ஆவி தெளிந்தால் சரி. துளித்துளியாக நின்றால் சீல் போயிருக்கிறது, கடைக்கு வாருங்கள். "ஐபி68 போன்தானே" என்று வாதாட வேண்டாம். அது தண்ணீர் தாங்கும் என்று ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில், புதுப் போனுக்குக் கொடுத்த சான்று. இரண்டு தடவை கீழே விழுந்த போனுக்கு அது பொருந்தாது.

படம் ஆடவும் இல்லை, மங்கவும் இல்லை, வெறும் கறுப்புத் திரைதானா? கடை தேடி ஓடும் முன் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு மேலிருந்து திரையை இழுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அங்கே 'கேமரா அணுகல்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. பிள்ளைகள் கை பட்டு அணைந்திருக்கும். இதற்காகவே மன்னவனூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவரிடம் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை. அதுவும் இல்லையென்றால் கேமரா ஆப்பின் கேஷை, அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருக்கும் குப்பையை, அழித்துப் பாருங்கள். எடுத்தவுடன் ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடாதீர்கள். கேமரா வருமோ வராதோ, குழந்தையின் படங்கள் போய்விடும்.

பைக்கில் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேப்பைக் காதில் கேளுங்கள், போன் ஜாக்கெட் பையில் இருக்கட்டும். உங்கள் உடம்பே அதிர்வைப் பாதி தின்றுவிடும். ஏற்கெனவே போய்விட்டதென்றால், "ஒரு மணி நேரத்துல மாத்திக் குடுங்கண்ணே, தூண் பாறைக்குப் போகணும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் மாடலுக்கான மாட்யூல் என் டப்பாவில் இருக்காது, மதுரையிலிருந்துதான் வர வேண்டும். அதுவரை 0.5-லேயே எடுங்கள். ஊருக்குப் போய் வாரன்டி இருக்கிறதா பார்த்துவிட்டு, அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.