படகு வடிவப் பெட்டி கேட்பவர்களுக்கு

"அப்பாவுக்குப் படகு மாதிரி ஒரு பெட்டி வேண்டும். நாளைக் காலைக்குள் செய்து தர முடியுமா?" என்று கேட்டபடி ஒரு மகன் என் பட்டறைக்கு வந்தார். சவப்பெட்டி செய்வது என் தொழில். படகு செய்யலாம், ஆனால் ஒரே இரவில் முடியாது. அந்தப் பெரியவர் பல வருடங்களாக இந்த ஆசையை வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் "ஏன் இப்படியெல்லாம் பேசுறீங்க" என்று வாயை அடைத்துவிட்டார்களாம். கடைசியில் சாதாரணப் பெட்டிதான் போனது. மூடியில் மட்டும் ஒரு படகு வரைந்து கொடுத்தேன். மகன் அதைத் தடவிக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இப்படி வடிவப் பெட்டி கேட்பதைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். கானாவில் அக்ரா நகரை ஒட்டிய டெஷியில் கா இன மக்களுக்காகத் தச்சர்கள் மீன், விமானம், கோக்கோ காய் வடிவங்களில் பெட்டி செய்கிறார்கள். அவற்றின் பெயருக்கே 'பழமொழிப் பெட்டிகள்' என்பதுபோலப் பொருள். இறந்தவர் என்ன வேலை செய்தார், எதை நேசித்தார் என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். அந்தக் கலையைப் பரப்பிய சேத் கேன் க்வேயின் பெட்டிகள் 1989இல் பாரிஸ் கண்காட்சி வரை போயின. தச்சனாக எனக்கு அதில் பெரிய பெருமை.

சரி, ஆசைப்படுங்கள். ஆனால் மரத்தில் கை வைக்கும் முன், எரிப்பதா புதைப்பதா என்று முடிவு செய்யுங்கள். எரிப்பதென்றால் தகன உலையின் வாசல் அகலத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறகோ படகின் மூக்கோ ஒரு அங்குலம் நீண்டாலும் உள்ளே போகாது. இப்படிப்பட்ட வேலைக்கு நான் இரண்டு பெட்டி செய்வேன்: உள்ளே எளிய மரப்பெட்டி, மேலே கழற்றக்கூடிய அலங்காரக் கூடு. எல்லோரும் பார்த்து விடைபெற்ற பிறகு கூட்டை எடுத்துவிடலாம். புதைப்பதென்றால் குழி வெட்டுபவருக்கு முன்கூட்டியே அளவு போய்ச் சேர வேண்டும். தூக்குபவர்களின் தோளையும் நினையுங்கள். வடிவம் கூடினால் எடையும் கூடும், கைப்பிடிகளை அடிப்பலகையோடு சேர்த்து முடுக்க வேண்டும்.

உலைக்குள் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கும். பேட்டரி வைத்த விளக்கு, ஒலிப்பெட்டி எதுவும் அங்கே போகக் கூடாது, வெடித்துவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை உடலிலிருந்து எடுப்பதும் இதனால்தான். கண்ணாடி உருகி உலைத் தரையில் ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. படலம் ஒட்டிய பெட்டி நச்சுப் புகை விடும். படம் வேண்டுமென்றால் காகிதத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள், அல்லது நீர் கலந்த வண்ணத்தில் வரையுங்கள்.

பிரம்பு, மூங்கில், கெட்டி அட்டைப் பெட்டிகளும் வந்துவிட்டன. நெதர்லாந்தில் 2020 முதல் காளானின் வேர் போன்ற இழைகளை வளர்த்தே செய்த பெட்டியில் அடக்கம் செய்கிறார்கள். மண்ணில் சுமார் 45 நாளில் மக்கிவிடும் என்று செய்பவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பூச்சு எதுவும் இல்லாத பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். பேரப்பிள்ளைகள் கிரேயானை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். அழுதுகொண்டே வரைவார்கள், அப்புறம் சண்டை போட்டுக்கொண்டு வரைவார்கள். நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் 2010இல் தொடங்கிய குழுவில் முதியவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே செய்து அலங்கரிக்கிறார்கள். நீங்களும் அப்படி முன்பே செய்து வைப்பதானால், தோள் அகலத்திலும் உயரத்திலும் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அடக்கம் முடிந்த பிறகுதான் உயிலைப் பிரிக்கிறார்கள். அரைப் பக்கத்தில் எழுதி, அந்த நாளில் என்னைப் போன்ற ஒருவருக்கு யார் போன் செய்வாரோ அவர் கையில் இப்போதே கொடுத்துவிடுங்கள்.